பாட்டுக்கும் பட்டா உண்டு

சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, பாடி வெளியிடுகிற எனக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி என் அடுத்த வெளியீட்டைப் பற்றியும், மீதி பாட்டின் உரிமையைப் பற்றியும் கேட்கின்றன. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன்.

தம்பி, சென்ற ஆடிக்குப் பிறகு உங்களிடமிருந்து புதிய பாட்டு எதுவும் வரவில்லையே, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை)

ஐயா, ஐந்து பாட்டுகள் ஒலிப்பதிவு முடிந்து தயாராக இருக்கின்றன. முதல் பாட்டு ஆனி மாதத்தில், நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்கு முந்தைய வாரம் வெளியாகும். மற்ற நான்கும் மாதத்துக்கு ஒன்றாக வரும். ஐந்துமே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையையும், தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்ததையும் பற்றியவை. குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள் போவது நமக்குப் புதிதில்லை. ஆனால் ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் ஆறு ஓடியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டதையும் பார்த்த பிறகு, அதைப் பாடாமல் வேறொன்றைப் பாட எனக்கு மனம் வரவில்லை.

தாமதத்துக்குக் காரணம் மகுடம் என்ற தோல் கருவி. நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தில், குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி பாடும்போது உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் அடிப்பார்களே, அவை இல்லாமல் வெள்ளத்தின் இரைச்சலைச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது. இரண்டு கலைஞர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தேன். ஏசி அறைக்குள் நுழைந்து சிறிது நேரத்திலேயே தோல் தளர்ந்து, மந்தத்தின் ஒலி அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஆகிவிட்டது. மூத்தவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போனார்; காய்ந்த தென்னங்கீற்றைக் கொளுத்தி, மகுடத்தை நெருப்புக்கு மேலே காட்டிச் சுழற்றி, விரல் நுனியால் தட்டி, காதருகே வைத்துப் பார்த்து, மறுபடியும் காட்டினார். திரும்பி வந்து அடித்த முதல் அடியில் மைக்கின் அளவுமானி சிவப்புக்கு ஏறியது. ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் தோல் மறுபடியும் தளர்ந்தது. இப்படி மூன்று முறை ஆன பிறகு ஸ்டூடியோவை விட்டுவிட்டு, முன்னீர்பள்ளத்துக்கு அருகே ஒரு தோப்பில், இரவு 11 மணிக்கு மேல், பக்கத்திலேயே நெருப்பை வைத்துக்கொண்டு பதிவு செய்தோம். பின்னணியில் தவளைகள் கத்துகின்றன. வெள்ளத்தைப் பற்றிய பாட்டு என்பதால் அவற்றை நீக்க வேண்டாம் என்று மிக்ஸிங் செய்தவரிடம் நான்தான் சொன்னேன்.

அண்ணாச்சி, எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் கேட்ட பழைய பாட்டின் மெட்டில் புதிதாகப் பாடி வெளியிட்டால் உரிமைப் பிரச்சினை வருமா?
(கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்)

தம்பி, யார் கட்டியது என்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வரும் மெட்டுக்குத் தனி மனிதர் யாரும் சட்டப்படி உரிமை கோர முடியாது. ஆனால் நீங்கள் கேட்டது உண்மையிலேயே அப்படிப்பட்ட மெட்டுதானா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். வில்லுப்பாட்டுக் குழுக்களிலும் கணியான் குழுக்களிலும் அண்ணாவியோ புலவரோ சொந்தமாகக் கட்டிய பாட்டுகள் நிறைய உண்டு. எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகளும் அவை அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் சொந்தம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறைந்தது 1891இல் என்பதால், அதை நீங்களும் நானும் தாராளமாகப் பாடலாம். ஆனால் அண்மையில் ஒரு பாடகர் பாடிய காவடிச் சிந்து ஒலிப்பதிவை வெட்டி உங்கள் பாட்டில் ஒட்ட முடியாது, ஏனென்றால் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் தனி உரிமை இருக்கிறது. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது; பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. எட்டயபுரம் அன்று நம் ஜில்லாவில் இருந்த ஊர் என்பதால், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூடுதலாக ஒரு சந்தோஷம்.

சட்டம் கேட்காவிட்டாலும் நான் ஒன்று கேட்கிறேன்: மெட்டை யாரிடம் கற்றீர்களோ அவருடைய பெயரையும் ஊரையும், அவர் சம்மதத்தோடு, பாட்டின் விவரக்குறிப்பில் முதல் வரியில் எழுதுங்கள்.

என் மகள் எழுதிப் பாடிய பாட்டுக்கு 20,000 ரூபாய் தருவதாகவும், எல்லா உரிமைகளையும் எழுதித் தர வேண்டும் என்றும் ஒரு நிறுவனத்தார் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
(வாசகி, நாங்குநேரி)

அம்மா, இன்றைக்குப் போட வேண்டாம். ஏன் என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். என் முதல் பாட்டு, அக்கா மகளுக்காக எழுதிய தாலாட்டு. அதை வாங்கியவர்கள் மூன்று பக்க ஒப்பந்தத்தோடு வந்தார்கள். அவர்களுடைய காரின் பானெட்டில் வைத்து, வெயிலில் தாள் கண்ணைக் கூச, படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். "உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்ற வாசகத்தை ஓராண்டு கழித்துத்தான் படித்தேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடைத் தொலைக்காட்சியில் அந்தத் தாலாட்டு ஏதோ விளம்பரத்துக்குப் பின்னணியாக ஓடியது. என் சேனலில் நானே கிட்டார் வாசித்து அதைப் பாடிப் போட்டபோது, என் குரலுக்கும் என் வரிகளுக்கும் அவர்களிடமிருந்து உரிமைக் கோரல் வந்தது. அன்றிரவு அக்காவிடம் சொல்லி அழுதேன்.

அப்போது எனக்குத் தெரியாமல் போன சட்டத்தை உங்கள் மகள் தெரிந்துகொள்ளட்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை விற்றுவிட்டாலும், அந்தப் பாட்டு பயன்படுத்தப்படும்போது வாங்கியவரோடு சமமாக ராயல்டி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதித் தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வாசகம் செல்லாது. இது சினிமாப் பாட்டுக்கு மட்டுமல்ல, சினிமாவில் இடம்பெறாத பாட்டுக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். அதனால்தான் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்ற இரண்டு சொற்களை அவர்கள் கவனமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒரு சென்ட் நிலத்தை விற்றால் நான்கு எல்லை எழுதாமல் பத்திரம் முடிக்கிறோமா? அதே கவனத்தோடு, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எந்தெந்தப் பயன்பாடு, விளம்பரத்துக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டுமா, கணக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்டுவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். விற்பதற்குப் பதிலாக, மூன்றாண்டுக்கு உரிமம் மட்டும் தருகிறோம் என்றும் சொல்லிப் பாருங்கள். மறுத்தால் பாட்டு உங்கள் மகளிடமே இருக்கட்டும்; அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

பாட்டின் உரிமையைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமா?
(வாசகர், களக்காடு)

இல்லை. எழுதிய அன்றே உரிமை உங்களுடையது. வழக்கு வந்தால் சான்றாக உதவும் என்பதால் பதிவு செய்வது நல்லது. வரிகளுக்கும் மெட்டுக்கும் தனித்தனியே 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம்.

ஸ்பாட்டிஃபையில் என் பாட்டு வந்து ஆறு மாதமாகியும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. எங்கே தவறு?
(வாசகர், வள்ளியூர்)

2024இலிருந்து, முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு அங்கே ராயல்டி கிடையாது. உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் 640, அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. மற்றொன்று, உங்கள் பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் வினியோக நிறுவனம் வாங்கித் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டுமே. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டியதை 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் வசூலிக்கிறது; அதில் உறுப்பினராகி, உங்கள் பாட்டுகளின் விவரத்தை நீங்கள்தான் தர வேண்டும். வினியோகஸ்தரை மாற்றுவதாக இருந்தால், ஒலிப்பதிவின் அடையாளமான 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை மாற்றாமல் அதையே கொடுங்கள், இல்லையென்றால் அந்த 640ஐயும் இழந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அடுத்த பாட்டை வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள். குறைந்தது 7 நாள் முன்னதாக நீங்களே அதை ஸ்பாட்டிஃபைக்குப் பரிந்துரைத்தால்தான் உங்களைப் பின்தொடர்பவர்களின் புதிய வெளியீட்டுப் பட்டியலில் அது சேரும் என்பது உறுதி. வெள்ளிக்கிழமை வெளியிடுவதற்காக வியாழன் இரவு ஏற்றுவதை நானும் முன்பு செய்திருக்கிறேன், பலன் இல்லை.

மகுடம் அடித்த கலைஞர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? கேட்கலாம் அல்லவா?
(வாசகி, சேரன்மகாதேவி)

கட்டாயம் கேட்கலாம், அக்கா. ஒரு கொடைக்கு அவர்கள் வாங்கும் தொகையை, எத்தனை மணி நேரம் வாசித்தார்கள் என்று பார்க்காமல், அப்படியே கொடுத்தேன். அது கூலி. வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் தங்கள் நிகழ்த்தலின் மேல் 50 ஆண்டுக் கால உரிமையைச் சட்டம் தருகிறது. வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறவும் அவர்களுக்கு இடமுண்டு. ஆகவே மகுடம் ஒலிக்கும் மூன்று பாட்டுகளின் ஒலிப்பதிவு வருவாயில் ஆளுக்கு நூற்றுக்கு 15 என்று தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்தேன். இளையவர் அதை மகுடத்தின் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

என் அம்மாவுக்குச் செல்போனில் பாட்டுத் தேடத் தெரியாது. வரிகளை அச்சிட்டுத் தருவீர்களா?
(வாசகர், வீரவநல்லூர்)

தருகிறேன். திருவிழாக் கடைகளில் முன்பு விற்ற பாட்டுப் புத்தகத்தின் அளவில், ஐந்து பாட்டுகளின் வரிகளும் அடங்கிய 16 பக்கச் சிறு நூல் அச்சில் இருக்கிறது. மூத்தவர்கள் கண்ணாடி இல்லாமலும் படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறோம். மகுடக் கலைஞர் இருவரின் பெயரும் ஊரும் முதல் பக்கத்தில் இருக்கும். முகவரியை இதழ் அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். முதல் பாட்டு வெளியாகும் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.