33550336: எண்ணின் குணமும் இலக்கங்களின் குணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிறைவெண்களை, அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின் 33550336 என்ற எண்ணைத் தேடிப் பார்த்தேன். நிறைவெண், முக்கோண எண், அறுகோண எண், ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டி வருவது, இலக்கங்களின் கூட்டுத்தொகை 28 என்று ஒரு நீண்ட பட்டியல் கிடைத்தது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புதானா? மேலும், 6, 28, 496, 8128 என ஒவ்வோர் இலக்கமாக வளர்ந்த வரிசை திடீரென்று எட்டு இலக்கத்துக்குத் தாவுவது ஏன்?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலில் பெரும்பாலானவை ஒரே செய்தியின் வெவ்வேறு வடிவங்கள். 33550336 என்பது 4096 × 8191. இதில் 4096 என்பது 2-இன் 12ஆம் அடுக்கு. 8191 அதன் இருமடங்கைவிட ஒன்று குறைந்த பகா எண்.

1, 2, 4 என இரட்டித்துக்கொண்டே 4096 வரை செல்லும் 13 வகுத்திகளைக் கூட்டினால் 8191 வருகிறது. 8191 பகா எண் என்பதால், எஞ்சிய வகுத்திகள் இந்தப் பதின்மூன்றையும் அதனால் பெருக்கக் கிடைப்பவை மட்டுமே. அவற்றில் கடைசியாக நிற்பது நம் எண்ணே. அதை விலக்கிவிட்டு மற்ற பன்னிரண்டையும் கூட்டினால் 4095 × 8191. இத்துடன் முதலில் கிடைத்த 8191-ஐச் சேர்த்தால் 4096 × 8191, அதாவது அதே எண். இது யூக்ளிட் காட்டிய வழி. இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் இந்த அமைப்பில்தான் இருக்க முடியும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார். ஒற்றைப்படை நிறைவெண் இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண் வருவதால் இது முக்கோண எண். ஓர் எண்ணை அதன் இருமடங்கைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கக் கிடைப்பது அறுகோண எண்; ஆகவே அதுவும் இதே பெருக்கத்திலிருந்து தானாக வந்துவிடுகிறது. 1 முதல் 127 வரையிலான ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டி இதைப் பெறுவதற்கு மட்டும் 4096 ஒரு வர்க்க எண்ணாகவும் இருக்க வேண்டும். 6-இல் அந்த இடத்தில் 2 இருப்பதால் அதற்கு இந்தக் குணம் வாய்க்கவில்லை.

இலக்கங்களின் கூட்டுத்தொகை வேறு வகை. அது நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வருவது. இரும முறையில் எழுதினால் இதே எண் 13 ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து 12 பூஜ்யங்களுமாகி, 28 என்ற பேச்சே எழாது. ஆயினும் முழுக்கத் தற்செயல் என்றும் தள்ளிவிட முடியாது. 6 நீங்கலாக எந்த இரட்டைப்படை நிறைவெண்ணையும் 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்று நிறுவலாம். ஆகவே இலக்கங்களின் கூட்டுத்தொகை 10, 19, 28, 37 போன்றவற்றுள் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். அது 28-ஆக அமைந்து, அந்த 28-ம் நிறைவெண்ணாக இருப்பது மட்டுமே தற்செயல். 496-க்கும் 8128-க்கும் கூட்டுத்தொகை 19 என்பதை யாரும் கொண்டாடுவதில்லை.

உங்கள் இரண்டாவது ஐயம் பழையது. ஒவ்வோர் இலக்க நீளத்துக்கும் ஒரு நிறைவெண் உண்டென்றும், அவை 6-இலும் 8-இலும் மாறிமாறி முடியும் என்றும் பண்டைய கிரேக்கக் கணிதர் நிக்கோமாக்கஸ் கருதினார். அவர் முன் இருந்தவை நீங்கள் சொன்ன நான்கு மட்டுமே. 8128 என்பது 64 × 127. இதே அமைப்பில் அடுத்து வருபவற்றுள் 1024 × 2047, அதாவது 2096128, ஏழு இலக்க நிறைவெண்ணாகியிருக்க வேண்டியது. ஆனால் 2047 என்பது 23 × 89 என்று பிரிந்துவிடுகிறது. 255, 511, 1023, 4095 ஆகியவையும் பகா எண்கள் அல்ல. ஆகவே அடுத்த வாய்ப்பு 8191-இல்தான். 33550336-க்கு அடுத்த நிறைவெண் 8589869056. அதுவும் 6-இலேயே முடிவதால் மாறிமாறி வரும் என்ற கணிப்பும் அங்கே தவறிவிடுகிறது.