ராஜ நண்டு பற்றிக் கேளுங்கள்

கேள்வி: அக்கா, அலாஸ்கா மீன்பிடி வீடியோவில் வரும் ராஜ நண்டுக்குக் கொடுக்கையும் சேர்த்து எட்டுக் கால்தான் தெரிகிறது. மீதி இரண்டு எங்கே?

ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. கடைசி ஜோடி மிகச் சின்னது, செவுள் அறைக்குள் மடங்கிக் கிடக்கும். செவுளில் படியும் அழுக்கைத் துடைத்தெடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. நம் நீலக்கால் நண்டுக்கு அதே கடைசி ஜோடி தட்டையாக விரிந்து நீந்த உதவுகிறது.

கேள்வி: அது நண்டே இல்லை என்கிறார்களே?

அசல் நண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை, சரிதான். காலிச் சங்கில் குடியிருக்குமே துறவி நண்டு, அதன் வம்சம். எப்போதோ சங்கை விட்டு வெளியே வந்து, ஓட்டைக் கெட்டியாக்கி, வயிற்றை மடக்கிக்கொண்டு நண்டு உருவத்துக்கு வந்துவிட்டது. மரபணு ஆய்வும் இதைத்தான் சொல்கிறது, ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த சாட்சி பெண் நண்டின் வயிறு. மல்லாத்திப் பார்த்தால் தகடுகள் இடப்பக்கம் பெரிதாகவும் வலப்பக்கம் சிறிதாகவும் கோணலாக இருக்கும், முட்டைகளைச் சுமக்கும் குட்டிக் கால்களும் ஏறக்குறைய எல்லாம் இடப்பக்கம்தான். சுருள் சங்குக்குள் உடம்பைத் திருகி வாழ்ந்த முன்னோர்கள் விட்டுப்போன கோணல் அது.

கேள்வி: எல்லா வகையும் அவ்வளவு பெரிதா?

இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பாலும் குளிர்ந்த ஆழ்கடலில். சிவப்பு ராஜ நண்டு கால் விரித்தால் 1.8 மீட்டர் வரை வரும், 10 கிலோவையும் தாண்டும். வட அமெரிக்க மேற்குக் கரைப் பாறைகளில் உள்ள குடை நண்டோ உள்ளங்கையில் அடங்கிவிடும், காலை உள்ளே இழுத்துக்கொண்டால் கூழாங்கல் என்றே நினைப்பீர்கள்.

கேள்வி: பசிபிக் கடலின் சிவப்பு ராஜ நண்டு நார்வேக்கு எப்படிப் போச்சு?

சோவியத் விஞ்ஞானிகள் 1960களில் ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பாரென்ட்ஸ் கடலில் கொண்டுபோய் விட்டார்கள், அது பெருகி நார்வே வரை பரவிவிட்டது. காசும் வருகிறது, கடலடி உயிர்களுக்குச் சேதமும் ஆகிறது. அதனால் நார்வேயில் கிழக்கு 26 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே அளவு வைத்துப் பிடிக்கிறார்கள், மேற்கே இஷ்டம்போல் பிடித்துக் குறைக்கலாம்.

கேள்வி: ஒரு படத்தில் ஆண் நண்டின் வயிற்றடியில் முட்டைப் பை மாதிரி ஒன்று தொங்கியது. ஆணுக்கு ஏது முட்டை?

அது ஒட்டுண்ணி. பிரியாரோசாக்கஸ் என்று பெயர், கப்பலடியில் ஒட்டுமே கொட்டலசு, அதன் உறவு. நண்டின் உடம்பு முழுக்க வேர் போல இழைகளை ஓடவிட்டு, இனப்பெருக்கம் நின்றுபோகச் செய்துவிட்டு, தன் பையை மட்டும் வெளியே நீட்டும். பாவம், நண்டு அதைத் தன் முட்டை என்றே பேணிக்கொண்டிருக்கும்.