நியூயார்க் அரங்கில் யாருக்கு டிப்ஸ், எவ்வளவு

தம்பி, ஆபீஸ் பெரியவர் ஒருவர் உங்களை நியூயார்க்கின் இசைநாடக அரங்கான மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கு அழைத்திருக்கிறார். என்ன உடுத்துவது, யாருக்கு டிப்ஸ், அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உடையை விடுங்கள், இஸ்திரி போட்ட சட்டையும் கோட்டும் போதும். டிப்ஸில்தான் நம்மவர்கள் மானத்தை வாங்குகிறார்கள்.

கிளம்பும்போதே ஒரு டாலர் நோட்டுகள் ஆறேழு பர்ஸில் இருக்கட்டும். இருக்கையைக் காட்டுபவருக்கு இங்கே டிப்ஸ் கிடையாது. பாரிஸில் சில தனியார் அரங்குகளில் எதிர்பார்ப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் நோட்டை நீட்டினால் அவருக்குத்தான் சங்கடம். மேல்கோட்டை வாங்கி வைக்கும் கவுண்டரில் மட்டும் கோட்டுக்கு ஒன்றோ இரண்டோ டாலர், அதுவும் திரும்ப வாங்கும்போது. நிகழ்ச்சி முடிந்ததும் அங்கே கூட்டம் நெருக்கும். டோக்கனோடு நோட்டையும் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கட்டணம் தனியாக வாங்கினாலும் கொடுங்கள், கட்டணம் அரங்குக்குப் போவது. டிப்ஸ் வேண்டாம் என்று பலகை வைத்திருந்தால் வற்புறுத்த வேண்டாம். இடைவேளையில் பாரில் ஒரு பானத்துக்கு ஒன்றிரண்டு டாலர். சோடா வாங்கினாலும் அப்படித்தான்.

சாப்பாட்டுக்கு, வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். நகரில் விற்பனை வரி 8.875 சதவீதம், பில்லில் உள்ள வரியை இரண்டால் பெருக்கி, கொஞ்சம் கூட்டினால் கணக்கு சரி. பெரிய கூட்டமாகப் போனால் சில இடங்களில் அவர்களே சேர்த்துவிடுவார்கள். பில்லின் அடியைப் பார்க்காமல் இரண்டு முறை கொடுப்பவர்கள் நிறைய.

இது தருமம் இல்லை தம்பி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது அமெரிக்க மத்தியச் சட்டம். 1991-லிருந்து அந்தத் தொகை ஏறவில்லை. நியூயார்க்கில் அதைவிடக் கூடுதல்தான், ஆனால் உணவு பரிமாறுபவருக்கு முதலாளி தருவது இங்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி அல்ல. மீதியை நம் டிப்ஸ்தான் நிரப்புகிறது. 300 டாலருக்குச் சாப்பிட்டு ஐந்து டாலர் வைத்துவிட்டு எழும் நம் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அழைத்தவர் பில் கட்டினால் டிப்ஸும் அவருடையதே, போட்டி போடாதீர்கள். உங்கள் கோட்டுக்கு மட்டும் நீங்கள் கொடுங்கள். அரங்குக்கு எவ்வளவு நன்கொடை தந்தீர்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள்; நிகழ்ச்சிப் புத்தகத்தில் தொகை வரிசைப்படி பெயர்கள் அச்சாகியிருக்கும். உபயம் போடுவது நமக்குப் புதிதா என்ன? ஓபராவுக்குப் பக்கத்து அரங்கே 10 கோடி டாலர் நன்கொடைக்காக 2015-ல் ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் பெயருக்கு மாறியதுதான்.

நாளைக்கே அவர் ஓபராவுக்கு நிதி திரட்டும் விருந்துக்கு 500 டாலர் டிக்கெட் வாங்கச் சொல்லலாம். முழுத் தொகைக்கும் வரிவிலக்கு என்று நம்பிவிடாதீர்கள். சாப்பாட்டின் மதிப்பு 150 என்றால் மீதி 350-க்கு மேல் விலக்கு கேட்க முடியாது. கட்டணம் 75 டாலரைத் தாண்டினால் அந்த மதிப்பை அமைப்பே எழுத்தில் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

மறுநாளே கைப்பட நாலு வரி நன்றி எழுதி அனுப்புங்கள். அதே கடிதத்தில் மச்சானுக்கு வேலை கேட்காதீர்கள்.