‘லெட் தி ரைட் ஒன் இன்’ படம் பிடித்தவர்களுக்கு அதன் மூல நாவலும் பிடிக்குமா?

எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களும் 2008-இல் வந்த ஸ்வீடிஷ் படத்தில் மயங்கி, நாவலில் இன்னும் நிறைய இருக்கும் என்று எண்ணித்தான் கேட்கிறீர்கள். நிறையத்தான் இருக்கிறது. சிக்கலே அதுதான். (இனிக் கதையைச் சொல்லிவிடுவேன். வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

1981-ஆம் ஆண்டு, ஸ்டாக்ஹோமின் புறநகர் ஒன்று. பள்ளியில் அடி வாங்கும் ஆஸ்கர், பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் எலி (Eli) என்ற ரத்தக் காட்டேரி. இந்த இருவருக்காகத்தான் நான் புத்தகத்தைத் திறந்தேன். ஆசிரியரோ குடிகாரர் கூட்டம், பசை முகரும் பையன்கள் என்று ஊரையே இழுத்து வந்து, ஒருவரையும் மிச்சம் வைக்காமல் நசுக்குகிறார். எலிக்காகக் கொலை செய்யும் ஹோகன் படத்தில் மருத்துவமனை ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறான். நாவலில் அவன் கதை அதோடு முடிவதில்லை. முகம் கரைந்த பிணமாக எழுந்து, காமம் ஒன்று மட்டும் மிஞ்சி, பக்கம் பக்கமாக அலைகிறான். அதுவரை எனக்கு இருந்த பயம் அந்த இடத்தில் வெறும் குமட்டலாகிவிட்டது. அதன் பிறகு யார் செத்தாலும் ‘சரி, அடுத்தது யார்?’ என்றுதான் புரட்டினேன்.

உடனே சிலர் வருவார்கள்: ‘உங்களுக்கு இருண்ட இலக்கியம் ஒத்துவராது, ஸ்வீடனின் சமூகச் சூழல் தெரியாது’ என்று. 1897-இல் வந்த ‘டிராகுலா’வை நான் பலமுறை படித்தவன். அதிலும் சாவு உண்டு. ஆனால் டிராகுலாவுக்குப் பலியாகும் லூசி என்ற பெண் போகும்போது அவளுக்காகத் துடிக்க நாலு பேர் இருக்கிறார்கள், அதனால் நமக்கும் வலிக்கிறது. இந்த நாவலிலும், எலியிடம் கடிபட்டுத் தானும் ரத்தக் காட்டேரியாகும் வர்ஜீனியா வெயிலில் எரிந்துபோகும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, மறுக்கவில்லை. அந்தக் குடிகாரர் கூட்டத்து லாக்கே அவளை நேசிப்பதால்தான் அந்தச் சாவுக்குக் கனம். இன்னும் இரண்டு இடங்களில் அப்படி எழுதியிருந்தால் நான் ஏன் புலம்பப்போகிறேன்?

பயமாவது இருந்ததா என்றால், எங்கள் குடியிருப்பில் இரவு பத்து மணிக்கு மாடிப்படி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அந்தப் படியேறுவது இதைவிடப் பயம்.

வாங்கியே தீருவேன் என்றால் ஹோகன் எழுந்த பிறகு அவன் வரும் பகுதிகளைத் தாண்டிவிட்டுப் படியுங்கள்.