கறுப்புக் காயில் 14 மூவில் தோல்வி: தப்பு எங்கே?

கறுப்புக் காயில ஆடி 14 மூவ்ல தோத்த செஸ் ஆட்டத்துல தப்பு எங்கேன்னு கேட்டிருந்தீங்க. அஞ்சாவது மூவ்லதான் ஆட்டம் கைவிட்டுப் போச்சு. டி5 கட்டத்துல இருந்த வெள்ளைச் சிப்பாயைக் குதிரையால வெட்டினீங்க பாருங்க, அது. அங்க சி6-ல இருந்த இன்னொரு குதிரையை ஏ5-க்கு விட்டு வெள்ளை பிஷப்பைத் தாக்கியிருக்கணும்.

நீங்க மாட்டினது ஃப்ரைட் லிவர் அட்டாக்னு பேர் வச்ச தாக்குதல்ல. மஞ்சக்குப்பத்துல ஞாயித்துக்கிழமை ஆட வர்ற பசங்க யூடியூப்ல முதல்ல பழகுறதே இதைத்தான். வெள்ளைக் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டும், அதை உங்க ராஜாவால வெட்டியே ஆகணும். உடனே வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து செக். டி5-ல நிக்கிற உங்க குதிரைக்கும் அதே ராணி குறி. அதைக் காப்பாத்த ராஜா இ6-க்கு, நட்டநடுப் பலகைக்கு வரணும். செஸ் இன்ஜின், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், தப்பிக்க வழி காட்டும்தான். கடிகாரம் ஓடுறப்ப நமக்கு வராது.

மூவ் எழுதி வச்ச நோட்டேஷன் தாளை எடுத்து, எதிராளி குதிரை ஜி5-க்கு வந்த இடத்துல நிறுத்துங்க. எஃப்7-ஐ உங்க காய் எத்தனை காக்குதுன்னு எண்ணுங்க. ராஜா மட்டும்தான்.

ஆனா ஒண்ணு, குதிரை ஏ5-க்குப் போனா உங்களுக்கு ஒரு சிப்பாய் குறையும். பதிலுக்குக் காய்கள் சீக்கிரம் வெளியே வரும். அது பிடிக்கலைன்னா மூணாவது மூவ்லயே குதிரையை எஃப்6-ல வைக்கிறதுக்குப் பதிலா பிஷப்பை சி5-ல வைங்க. ஜி5-ஐ உங்க ராணியே பார்த்துக்கும்.