அக்கா, ஒரு கேள்வி: ‘ஏம்’ என்றால் யார், ‘நாம்’ என்றால் யார்?

(ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்டோ பழங்குடி மக்களிடையே 27 ஆண்டுகள் மிஷனெரியாகவும் நர்ஸாகவும் இருந்து, இப்போது பாளையங்கோட்டையில் வசிக்கும் அக்கா இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

அக்கா, எனக்கு 26 வயது. ஐடி வேலை. வட இந்தியப் பணித்தளத்துக்குப் போக ஆண்டவர் அழைக்கிறார் என்று நினைக்கிறேன். அம்மா தினமும் அழுகிறார்கள். மிஷனெரி வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? மிஷனெரிகள் தங்கள் அனுபவம் சொல்லும் சாட்சிக் கூட்டங்களில் சொல்வது மாதிரிதானா?
– ஒரு தம்பி, பெங்களூர்

சாட்சிக் கூட்டத்தில் சொல்வது பொய் இல்லை, தம்பி. ஆனால் அரை மணி நேரத்தில் பத்து வருஷத்தைச் சொல்ல வேண்டியிருப்பதால், தண்ணீர் சுமந்த நாட்கள் விட்டுப்போகின்றன.

நானும் என் கணவரும் 1986இல் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹவுரா போய், அங்கிருந்து வேறு ரயில் பிடித்து சாகிப்கஞ்ச் பக்கம் இறங்கினோம். அன்றைக்கு அது பீகார். ஜார்க்கண்ட் பிரிந்தது 2000இல்தான். ரயிலடியிலிருந்து மூன்று மணி நேரம் மலை ஏற வேண்டும். ஊர் உச்சியில், ஊற்று பள்ளத்தில். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் ஆகும். முதல் இரண்டு வருஷம் நான் அதிகமாகச் செய்த வேலை அதுதான். அந்தப் பாதையில் கூட நடந்த பெண்களிடமிருந்துதான் எனக்கு மொழி வந்தது. வகுப்பில் உட்கார்ந்து படித்தது கொஞ்சம்.

மால்டோ நம் தமிழுக்குச் சொந்தக்கார மொழி, தெரியுமா? கங்கைக் கரையோர மலையில் திராவிட மொழி! எர்னஸ்ட் ட்ரோஸ் என்ற மிஷனெரி 1884லேயே அதற்கு ஆங்கிலத்தில் இலக்கணம் எழுதி வெளியிட்டார். ‘நான்’ என்பதற்கு அவர்கள் ‘ஏன்’ என்பார்கள், ‘நீ’ என்பதற்கு ‘நீன்’. கேட்பவரைச் சேர்க்காத ‘நாங்கள்’ அங்கே ‘ஏம்’. கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற ‘நாம்’ அங்கேயும் ‘நாம்’தான். இந்தியில் இந்த வித்தியாசம் கிடையாது, எல்லாம் ‘ஹம்’. ஒரு வருஷமாக ரயிலடிக் கடைத்தெருவில் ‘ஹம், ஹம்’ என்று பேசிப் பழகிய என் வாயில், முதல்முறை கூட்டத்தில் பேசியபோது, ‘நாம்’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஏம்’ வந்துவிட்டது. கடவுள் எங்களை நேசிக்கிறார், எங்களுக்காகத் தம் மகனைத் தந்தார் என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கடைசியில் பர்பட்டிப் பயறு உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி தலை நிமிராமல் கேட்டார்: “சந்தோஷம். உங்களை நேசிக்கிறார். எங்களை?”

தமிழச்சிக்கு அந்த வித்தியாசம் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும் தவறவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக, ஊழியத்தில் எது தப்பாகப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இங்கே யார் ‘ஏம்’, யார் ‘நாம்’?

உங்கள் அம்மாவையும் அந்த ‘நாம்’க்குள் கொண்டுவாருங்கள். வேலையை உடனே விட வேண்டாம். பத்து நாள் லீவு போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பணித்தளத்துக்குப் போய்த் தங்குங்கள். அங்கே இருக்கிற மிஷனெரி வீட்டு அடுப்படியில் அம்மா உட்காரட்டும். போவதா வேண்டாமா என்று அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து பேசலாம்.

நான் ஒரு பணித்தளப் பொறுப்பாளர். என்கூட 11 ஊழியர்கள், அதில் 7 பேர் உள்ளூர்க்காரர்கள். மாதாந்திரக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. வெளியே போய் முணுமுணுக்கிறார்கள். இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?
– ஒரு ஊழியர், மத்தியப் பிரதேசம்

கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, தம்பி? கணக்கு நோட்டு எந்த மொழியில் இருக்கிறது? மற்ற தமிழ் ஊழியர்களோடு நீங்கள் முந்தின நாள் இரவு சாப்பாட்டில் பேசி முடித்ததைத்தான் மறுநாள் கூட்டத்தில் அறிவிக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் இந்த விவரம் இல்லை. ஆனால் நானும் அப்படித்தான் நடத்தினேன், அதனால் கேட்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் மலையில் காலா-அசார் காய்ச்சல் கடுமையாக இருந்தது. மணல் ஈ கடித்து வருவது. மண் சுவர் வெடிப்பிலும் மாட்டுத் தொழுவ ஈரத்திலும் அந்த ஈ பெருகும். மண்ணீரல் வீங்கி, வயிறு முன்தள்ளி, ஆள் கருத்து மெலிந்து, கவனிக்காமல் விட்டால் சாவுதான். அன்றைக்கு மருந்து தினம் ஒரு ஊசி, 20 நாளுக்குக் குறையாமல் போட வேண்டும். ஒரு நாள் டிரிப்பில் முடிகிற மருந்து அரசுத் திட்டத்தில் வந்ததே 2014இல்தான். ஊசி போடுவதில் நான் பழக்கிய ஒரு மால்டோ தம்பி இருந்தார். என்னைவிட அவர் கை லேசு. குழந்தைகள் அவரிடம்தான் போகும். ஆனால் மருந்து அலமாரிச் சாவி மட்டும் ஒன்பது வருஷம் என் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

ஒருமுறை மருந்து வாங்க நான் டவுனுக்குப் போயிருந்த இரவில், மலேரியா ஜன்னியோடு ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அலமாரி பூட்டியிருந்தது. விடியும்வரை ஈரத் துணி போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார் அந்தத் தம்பி. நான் காலையில் போய்ச் சேர்ந்தேன். குழந்தை பிழைத்தது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். “பூட்டை உடைத்திருக்கக் கூடாதா?” என்று கத்தினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: “உடைத்தால் திருடன் என்பீர்களோ என்று பயந்தேன், அக்கா.”

ஒன்பது வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம், ஒன்றாக முழங்கால் போட்டிருக்கிறோம். அவர் மனதில் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அந்த வாரமே இரண்டாவது சாவி செய்தோம். அடுத்த வருஷம் அலமாரியையே அவர் பொறுப்பில் விட்டேன். அப்போதும் கூட, தினமும் மாத்திரை எண்ணிப் பார்க்கத் துடித்த என் கையை அடக்க மாதங்கள் ஆயிற்று.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைத்துப் பாருங்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தபோது அவருக்கு 35 வயது. மேடையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னார். சிலருக்கு அது கசந்தது. அதே மனுஷர் தெலுங்கு படித்து, தோர்ணக்கலில் தெலுங்கு மக்களோடு வாழ்ந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அந்த வார்த்தையை அவர் வெள்ளைக்காரருக்குச் சொன்னார் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூரிலும் குஜராத்தின் டாங்ஸிலும் மத்தியப் பிரதேசத்திலும் இன்று அந்த வெள்ளைக்காரர் இடத்தில் இருப்பது தமிழர்களாகிய நாம்தான். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்தை உள்ளூர் ஊழியர் ஒருவர் அவர் மொழியில் நடத்தட்டும். நீங்கள் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதுங்கள். புரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கணக்கு நோட்டை நடுவில் திறந்து வையுங்கள், எல்லாருடைய சம்பளமும் தெரிய, உங்களுடையதும் தெரிய. முணுமுணுப்பு உடனே நிற்காது. முதல் ஆறு மாதம் சத்தமாகக் கூட ஆகலாம். சத்தமாக ஆகட்டும்.

எங்கள் ஜெபக்குழு தாங்கும் மிஷனெரிகள் இப்போது இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் பணித்தளப் படங்கள், ரீல்ஸ் போடுகிறார்கள். காணிக்கை கூடியிருக்கிறது. சில பெரியவர்கள் இது உலகப்பிரகாரமானது என்கிறார்கள். உங்கள் கருத்து?
– ஜெபக்குழுச் செயலர், தூத்துக்குடி

போன் உலகப்பிரகாரம் என்றால் அச்சடித்த காகிதமும் அப்படித்தான். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 300 வருஷம் முன்பே அச்சு இயந்திரம் வரவழைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். கருவியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. படத்தில் இருப்பவர் யார், அவரைக் கேட்டீர்களா என்பதுதான் என் கவலை.

எங்கள் மலையிலிருந்து ஒரு பையன் பாளையங்கோட்டைக்குப் படிக்க வந்தான். ஒரு விசுவாசி வீட்டில் அன்போடு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் பழைய காலண்டர் ஒன்று, படத்துக்காகவே கழற்றாமல் வைத்திருந்தது. அதில் நாலு வயதில், சட்டை இல்லாமல், மூக்கு ஒழுக, அவன். கீழே ‘இருளில் இருக்கும் ஜனங்கள்’ என்று எழுதியிருந்தது. சாப்பிட்டு முடித்து, நன்றி சொல்லி, என்னிடம் வந்து கேட்டான்: “அன்றைக்கு என் அம்மா என்னைக் குளிப்பாட்ட இருந்தாள், பக்கத்திலேயே நின்றாள். படத்தில் அவளை ஏன் வெட்டினீர்கள்?”

படம் எடுத்தது நான். வெட்டியது அச்சகத்தில். ஆனால் அம்மா இருக்கிற படத்தைவிட அம்மா இல்லாத படத்துக்குக் காணிக்கை அதிகம் வரும் என்று அன்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் மன்னித்தான். அந்தக் காலண்டரை அந்த வீட்டில் சொல்லிக் கழற்ற வைத்தேன், மற்ற வீடுகளில் இருந்தவற்றை என்ன செய்ய முடியும்?

இன்று அந்த மலையிலும் போன் இருக்கிறது. நீங்கள் மத்தியானம் போடும் ரீலை அவர்கள் சாயங்காலம் பார்க்கிறார்கள், தமிழ் எழுத்தைப் போனே இந்தியாக்கிக் காட்டுகிறது. அதனால் செயலர் ஐயா, உங்கள் மிஷனெரிகளுக்கு எழுதுங்கள்: படத்தில் உள்ளவரிடம் படத்தையும் கீழே எழுதப்போகும் வரியையும் காட்டி, அவர் சரி என்ற பிறகே போட வேண்டும். நோயாளி படம் வேண்டாம். உங்கள் பிள்ளையை எந்தக் கோலத்தில் போட மாட்டீர்களோ அந்தக் கோலத்தில் அவர்கள் பிள்ளையையும் போட வேண்டாம். காணிக்கை குறைந்தால் குறையட்டும். பிடி அரிசிக் காணிக்கையில் வளர்ந்த ஊழியங்கள் நம்முடையவை.

ஆராதனையில் கிட்டாரும் டிரம்ஸும் தேவையா? கீர்த்தனைகளே போதாதா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அன்றைக்கு ஜனங்கள் விரும்பிப் பார்த்த குறவஞ்சியை எடுத்துத்தான் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். இன்று நீங்கள் காப்பாற்ற நினைக்கிற கீர்த்தனை, அவர் காலத்தின் புதுப் பாட்டு. எனக்கும் கீர்த்தனைதான் உயிர். ஆனால் மலையில் நாங்கள் செய்த பெரிய தப்பு, அவர்கள் மேளத்தை வெளியே வைத்துவிட்டு ஹார்மோனியத்தையும் நம் ராகத்தையும் உள்ளே கொண்டுபோனது. மேளம் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாசலில் நின்ற ஆண்கள் உள்ளே வந்தார்கள். பையன்கள் வாசிக்கட்டும், ஐயா. ஒரு கீர்த்தனையையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளிடம் சுவிசேஷம் பேசினால் எதிர்ப்பது கூட இல்லை. கொட்டாவி விடுகிறார்கள். மலைக்குப் போவது இதைவிடச் சுலபமோ?
– ஒரு உதவி ஆயர், சென்னை

இருக்கலாம். இங்கிலாந்து மிஷனெரி லெஸ்லி நியூபிகின் 1936இல் இந்தியா வந்து, காஞ்சிபுரத்தில் தமிழ் பேசி ஊழியம் செய்து, 1947இல் மதுரைக்குப் பேராயராகி, பிறகு சென்னைக்கும் பேராயராக இருந்தவர். 1974இல் இங்கிலாந்து திரும்பியபோது, சொந்த ஊரின் குளிர்ந்த அலட்சியம்தான் இங்கே கண்ட எதிர்ப்பைவிடக் கடினமாக இருந்தது என்று உணர்ந்தார். எழுபது வயதுக்குப் பிறகு பர்மிங்காமில், சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சின்னச் சபையை ஏற்று வீடு வீடாக நடந்தார். தன் சொந்தப் பண்பாட்டையே ஒரு மிஷனெரி வேறு நாட்டைப் படிப்பதுபோலப் படித்தார்.

நீங்களும் அந்தப் பிள்ளைகளின் மொழியைப் படியுங்கள். அவர்கள் சொல்லை மேடையில் கடன் வாங்கினால் போதாது, அதை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் அவர்களோடு சாப்பிடுங்கள். வேலை கிடைக்குமா என்ற பயத்தைக் கேளுங்கள். ஒரு வருஷம் கேட்ட பிறகு பேசுங்கள்.

நான் மிஷனெரி பிள்ளை. 6 வயதில் ஹாஸ்டலில் விடப்பட்டேன். இப்போது 31. எல்லாரும் “பாக்கியசாலி” என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. இது பாவமா?
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பாவம் இல்லை, மகளே.

என் மகளையும் ஆறு வயதில்தான் விட்டேன். மலையில் பள்ளிக்கூடம் இல்லை, மலேரியா இருந்தது, காரணங்கள் எல்லாம் உண்மை. இன்லண்ட் கடிதம் போய்ச் சேரப் பத்து, பன்னிரண்டு நாள். அவளுக்கு அம்மை போட்டது எனக்குத் தெரிந்தபோது தழும்பே காய்ந்துவிட்டது. அவளுக்கு 24 வயதானபோது ஒருநாள் கேட்டாள்: “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டீங்க. நீங்க சொல்ற அந்த ‘நாம்’ல நான் இருந்தேனா?”

நான் காரணங்களைச் சொல்லத் தொடங்கினேன். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு வருஷம் சரியாகப் பேசவில்லை. பிறகு நான் அவள் வீட்டில் போய் ஒரு மாதம் தங்கினேன். காரணம் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். அவள் ஒவ்வொரு ராத்திரியும் ஒன்றொன்றாகச் சொன்னாள்: ஹாஸ்டல் வாசலில் வேறு பிள்ளைகளின் அம்மாக்கள் வருகிற சனிக்கிழமை, மே மாதம் அவள் வீட்டுக்கு வந்தால் அவள் பெயரைவிட மால்டோ பிள்ளைகளின் பெயர்தான் என் வாயில் சட்டென்று வந்தது. கேட்கக் கஷ்டமாக இருந்தது. கேட்டேன். இன்னும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது ஞாயிறுதோறும் போன் பண்ணுகிறாள், சில வாரம் அவளாகவே.

உன் அப்பா அம்மா உயிரோடு இருந்தால், கோபத்தை அவர்களிடமே சொல். அவர்கள் அழைப்பு, தியாகம், ஆண்டவருடைய சித்தம் என்று ஆரம்பித்தால், “விளக்கம் வேண்டாம், கேளுங்கள் போதும்” என்று சொல். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்களுக்கு அனுப்பு. அவர்கள் எனக்கு எழுதட்டும், நான் அவர்களோடு பேசுகிறேன்.