நீரில் விழுந்து சில்லிட்ட கோழிக்குஞ்சு: ஊட்டுவதற்கு முன் சூடேற்றுங்கள்

வாசகர் கேள்வி: சமையலறை மூலையில் ஓர் அட்டைப்பெட்டியில் பத்து நாள் வயதான கோழிக்குஞ்சுகளை வளர்க்கிறேன். இன்று காலை ஒரு குஞ்சு தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து, உடல் சில்லிட்டு, கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன், திணறியது. மூச்சு இருக்கிறது, ஆனால் எழுந்து நிற்கவில்லை. உடனடியாக என்ன செய்வது? வீட்டில் வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இனி அதன் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள். கோழியினத்தின் இயல்பான உடல்வெப்பம் 41 பாகை செல்சியஸை ஒட்டியது. இந்த வயதில் குஞ்சுக்குப் பஞ்சு போன்ற தூவிதான் பெரும்பாலும் போர்வை. அது நனைந்துவிட்டால் வெப்பத்தைத் தக்கவைக்கும் வழியே இல்லாமல் போகிறது. உடல் குளிர்ந்த நிலையில் விழுங்கும் திறன் மங்கிவிடும்; மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதியை ஒட்டியே திறந்திருப்பதால், ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குடலும் தீனிப்பையும் அப்போது சரியாக இயங்குவதில்லை என்பதால், உள்ளே போன தீனி செரிக்காமல் தேங்கிக் கெடும். பசியால் துவண்டிருக்கிறது என்று எண்ணி அன்போடு ஊட்டுவதாலேயே பல குஞ்சுகள் இறக்கின்றன.

மென்மையான உலர்ந்த துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, துணி சுற்றி, சிறு பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்து, அதை ஒட்டிக் குஞ்சைக் கிடத்துங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்கட்டும். தெளிந்தபின் அதுவாகவே விலகிக்கொள்ள இடம் வேண்டும். குஞ்சின் முதுகு உயரத்தில் வெப்பமானி ஏறத்தாழ 35 பாகை காட்டினால் போதும். ஹேர் டிரையரை நான் பரிந்துரைப்பதில்லை: காற்று ஒரே இடத்தைச் சுட்டுவிடும், சில வகைகளின் உட்பாகங்களில், கீழே நான் எச்சரிக்கப் போகும் அதே நான்-ஸ்டிக் பூச்சும் இருக்கிறது.

குஞ்சின் விரல்களை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். அவை சில்லென்று இல்லாமல், கண் திறந்து, தலையைத் தானே தூக்கிக் கீச்சிடத் தொடங்கினால்தான் தண்ணீர் காட்டும் நேரம் வந்திருக்கிறது. அப்போதும் ஊற்றக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் அலகின் நுனியை மட்டும் தொட்டு எடுத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அதில் சிறிது சர்க்கரை கலந்திருக்கலாம், ஆனால் முதல் சில மணி நேரத்துக்கு மட்டும். தானாகக் குடிக்கத் தொடங்கிய பிறகு, நீரில் பிசைந்த குஞ்சுத் தீவனத்தைச் சிறிதளவு வையுங்கள். மற்றக் குஞ்சுகள் துவண்டு கிடப்பதைக் கொத்தும் என்பதால் கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால், ஆனால் அவற்றைப் பார்க்கும்படி வைப்பது நல்லது. தனித்துவிடப்பட்ட குஞ்சு கத்திக் கத்தியே சோர்ந்துவிடும். ஏற்கெனவே நீர் ஊற்றித் திணறியிருப்பதால், அடுத்த சில நாட்களுக்கு மூச்சில் கறகற ஒலி, வாய் திறந்து மூச்சிழுத்தல், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இனி வீட்டைப் பற்றி. நீரில் விழுந்ததைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, பெட்டி சமையலறையில் இருப்பது. அதை இன்றே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். நான்-ஸ்டிக் பாத்திரங்களில் பூசப்படும் பி.டி.எஃப்.இ. என்னும் பொருள், பாத்திரம் காலியாக அடுப்பில் மறந்துபோய் அளவுக்கு மீறிச் சூடானால், மனிதர் பெரும்பாலும் கவனிக்காத நச்சுப்புகையை வெளியிடும். பறவைகளின் நுரையீரல், காற்றுப்பைகளின் துணையோடு, உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதுக் காற்றைப் பெறும் அமைப்பு. உயிர்வளியை அத்தனை திறமையாக எடுப்பதுபோலவே நஞ்சையும் எடுத்துவிடுவதால், சில நிமிடங்களிலேயே குஞ்சுகள் மூச்சுத் திணறி விழுந்து இறக்கலாம். இதற்கு மாற்று மருந்து இல்லை. உடனே தூய காற்றுக்குக் கொண்டுபோய்ச் சூடாக வைத்து, மருத்துவரிடம் விரைவதுதான் செய்யக்கூடியது. உடைந்தாலும் சிதறாதபடி பூச்சிட்ட சில பல்புகளிலும் இதே பொருள் உண்டு. வெப்பவிளக்குக்கு வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள், பூச்சிக்கொல்லித் தெளிப்பு, நறுமணத் தெளிப்பான், புதுப் பெயின்ட்டின் வாடை ஆகியவற்றையும் குஞ்சுகள் இருக்கும் அறையில் அனுமதிக்காதீர்கள்.

வெப்பவிளக்கின் கவ்வியை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும்படி இரண்டு சங்கிலிகளால் கட்டுங்கள். உலர்ந்த மரத்தூளின் மேல் விழுந்த விளக்கு வீட்டையே எரித்துவிடும். முதல் வாரம் 32 முதல் 35 பாகை, பிறகு வாரத்துக்குச் சுமார் 3 பாகை குறைத்துவருவது பொதுவான அளவு. எனினும் வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும்: விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கத்தினால் குளிர், ஓரங்களில் ஒதுங்கி, வாயைத் திறந்து, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் வெப்பம் மிகுதி.

தண்ணீருக்கு ஆழமற்ற கிண்ணத்தை வைத்து, விழுங்க முடியாத அளவுள்ள கூழாங்கற்களை நிரப்புங்கள். இடுக்கில் தேங்கும் நீரே அவற்றுக்குப் போதும். வழுவழுப்பான செய்தித்தாளை விரிப்பதால் கால்கள் இருபுறமும் வழுக்கி விரிந்துபோகும். சொரசொரப்பான விரிப்பு தேவை. நூலிழை, தெர்மோகோல் துணுக்கு, ஊசி, மின்கம்பி எல்லாவற்றையும் அவை கொத்தும்; காலில் சுற்றிய ஒற்றை இழையே இறுகி விரலை அழுகச் செய்துவிடும்.

எலி பிடிக்கும் பசைத்தாளில் ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்க வேண்டாம். வெளியே தெரியும் பசையை மாவால் மூடி, ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சிறிதுசிறிதாகத் தடவித் தளர்த்துங்கள். எச்சத்துவாரம் அடைத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பூனை கடித்ததென்றால், காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பூனையின் பல்லில் உள்ள நுண்ணுயிர் மிக விரைவாக இரத்தத்தில் பரவும். மனிதருக்கான வலிநிவாரணி மாத்திரைகள் எதையும் கொடுக்கக் கூடாது. எச்சத்தில் இரத்தம் தெரிந்து குஞ்சுகள் கூனிக் குறுகி நின்றால் அது ரத்தக் கழிச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, ஆனால் தாமதித்தால் பயனில்லை.

ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் சோப்பால் கைகழுவுங்கள். நலமாகத் தெரியும் குஞ்சிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் குஞ்சுகளைக் கையாளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது, குஞ்சு இருந்த பெட்டியின் எச்சத்தோடு கூடிய தாளையும், அது கொத்தியிருக்கக்கூடிய பொருளின் உறையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வழியிலும் சூடான புட்டி அதன் அருகிலேயே இருக்கட்டும்.